எந்தச் சாவுக் காட்சியில் நீங்கள் உடைந்து போனீர்கள்?

#1 செந்தூல்வாசி

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா பாசமலர் பார்க்கணும் என்றார். போட்டுக்கொடுத்தேன். கடைசிக் காட்சி வந்தது. கண் தெரியாத சிவாஜி, "கை வீசம்மா கை வீசு" என்று சின்ன வயசுப் பாட்டைச் சொல்லித் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேருகிறார். சாவித்திரியும் அங்கேயே. சோபாவின் மறு ஓரத்தில் இருந்த என் மகன் (படிவம் இரண்டு) மணியைப் பார்க்கிறான். "பாட்டி, இவர் செத்து முடிக்க இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "உனக்குத் தங்கச்சி இல்ல. உனக்கு என்னடா தெரியும்?" என்றார்.

நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. ஆனால் நான் கல்நெஞ்சன் கிடையாது. லயன் கிங் பார்த்து அழுதவன். அப்பா சிங்கம் கீழே விழுந்து கிடக்கிறது. குட்டி முட்டிப் பார்க்கிறது, காதைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறது, கடைசியில் அந்தப் பெரிய கைக்கு அடியில் புகுந்து படுத்துக்கொள்கிறது. அப்போது 1994. இப்போது மகனோடு பார்த்தாலும் அதே இடத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுகிறேன்.

அஞ்சலியும் அப்படித்தான். "எந்திரி அஞ்சலி எந்திரி" என்பதை இப்போது மீம் ஆக்கிவிட்டார்கள். பரவாயில்லை. படத்தில் அந்தப் பிள்ளைகள் தங்கச்சி தூங்குகிறாள் என்று நினைத்து எழுப்புகிறபோது யாருக்குச் சிரிப்பு வந்தது?

என் கணக்கு இதுதான். திரையில் அழுகிறவர் என்னை அழவைப்பதில்லை. விஷயம் இன்னும் தெரியாமல் ஒருத்தர் அங்கே நிற்க வேண்டும், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

உங்களுடையது எது? படத்தின் பெயரை மட்டும் போட்டுவிட்டு ஓடாதீர்கள். எந்த இடத்தில் என்று சொல்லுங்கள்.

#2 கிள்ளான்பையன்

உங்கள் மகன் பக்கம்தான் நான். தமிழ்ப் படத்தில் குண்டு பட்டவருக்குச் சட்டம் தனி. வசனம் முடிகிற வரை உயிர் போகாது. வாய் ஓரத்தில் ஒரே ஒரு கோடு இரத்தம், அதுவும் அளந்து விட்ட மாதிரி. தலை ஒரு பக்கம் சாயும், விளக்கு அணையும், கடலில் அலை அடிக்கும்.

அப்புறம், நம் ஊரில் செத்தவர் சாகாமலும் போவார், மறந்துவிட்டீர்களா? 2016இல் கபாலி இங்கே மலேசியாவில் ஓடியபோது கடைசியில் துப்பாக்கிச் சத்தத்தோடு விடாமல், கபாலி போலீசிடம் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டார்கள். நான் அழத் தயாராக உட்கார்ந்திருந்தேன், லா. எழுத்தைப் படித்துவிட்டு மாமாக் கடைக்குச் சாப்பிடப் போய்விட்டோம்.

டைட்டானிக் பற்றி யாரும் ஆரம்பிக்க வேண்டாம். கதவில் இன்னொருத்தருக்கு இடம் இருந்ததா இல்லையா என்று ஜேம்ஸ் கேமரூனே ஆளை வைத்துத் தண்ணீரில் சோதித்துப் பார்த்துவிட்டார்.

#3 பட்டர்வொர்த்அக்கா

தம்பி கிள்ளான், அந்தக் காலத்துப் படத்தை ஏர்கோன் ஹாலில் தனித்தனி நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற கண்ணால் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

என் அம்மா பாசமலர் பார்த்தது தோட்டத்துத் திடலில். இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டி, பாய் விரித்து, கொசுவுக்குத் தேங்காய் மட்டையைப் புகைய விட்டுப் பார்த்த படம். கடைசி ரீலில் ஒரு பொம்பளை ஆரம்பித்தால் போதுமாம், பாய் பாயாகப் பரவிவிடுமாம். மறுநாள் விடியுமுன்னே பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடம்) நிற்கும்போது பாதிப் பேருக்குக் கண் வீங்கியிருந்தது, கங்காணிக்கும் சேர்த்து என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

அவர்களுக்கு நீளம் ஒரு குறையே இல்லை. அவர்கள் ஒப்பாரி வைக்கத் தெரிந்தவர்கள். என் பாட்டி யார் வீட்டுச் சாவுக்குப் போனாலும் முதல் நாலு அடி செத்தவருக்குப் பாடுவார். ஐந்தாவது அடியில் தன் அண்ணன் வந்துவிடுவார், தான் இழந்த பிள்ளை வந்துவிடும். செத்த வீட்டுக்காரர்களும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கு நேரம் வேண்டும். சிவாஜி அந்த நேரத்தைக் கொடுத்தார். இப்போது மூன்று நிமிடத்தில் பிணத்தைத் தூக்கி, அடுத்த காட்சியில் ஹீரோ தாடியோடு நிற்கிறார்.

செந்தூல், உங்கள் 'தெரியாமல் நிற்கிறவர்' கணக்கு பாசமலருக்கு ஒத்துவரவில்லை. அங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

#4 செந்தூல்வாசி

அக்கா, அதனால்தானோ என்னவோ எனக்கு வரவில்லை. ஆனால் ஒப்பாரி பற்றிச் சொன்னது யோசிக்க வைக்கிறது. அம்மாவிடம் கேட்கிறேன், யாரை நினைத்து அழுகிறார் என்று.

#5 நைட்ஷிப்ட்

நர்ஸாக இருக்கிறேன். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள்.

முதலில் ஒரு குறை. மானிட்டரில் கோடு நேராகப் போனதும் டாக்டர் ஷாக் கொடுப்பார், ஆள் துள்ளுவார். எத்தனை படத்தில்! கோடு நேராகிவிட்டால் ஷாக் கொடுப்பதில்லை. அது தாறுமாறாகத் துடிக்கிற இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான். துடிப்பே இல்லாவிட்டால் நெஞ்சை அழுத்துவோம், அட்ரினலின் போடுவோம்.

நோயில் போகிறவர்கள் கடைசியில் வசனம் பேசுவதும் அபூர்வம். பெரும்பாலும் தூக்கம்தான். மூச்சு வேகமாக வரும், அப்புறம் நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மகள் தன் மூச்சையும் பிடித்துக்கொள்வாள். திரும்ப வரும். மகளும் மூச்சு விடுவாள். இப்படியே மணிக்கணக்கில். அதைப் படத்தில் காட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள். கையால் தடவியதும் கண் அழகாக மூடிக்கொள்வதும் சினிமாவில்தான், சில சமயம் பாதி திறந்தே இருக்கும்.

இத்தனை பார்த்த எனக்குச் சாவுக் காட்சியில் அழுகை வராது என்று நினைத்திருந்தேன். மலேசிய இயக்குநர் யாஸ்மின் அஹ்மாட்டின் செப்பெட் படம் பார்க்கிற வரை. ஈப்போவில் நடக்கிற கதை, மலாய்ப் பெண், சீனப் பையன். கடைசியில் அவன் மோட்டார் சைக்கிளோடு சாலையில் கிடக்கிறான், அவள் போன் செய்கிறாள். அவன் செத்தானா இல்லையா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள், ஏனென்றால் அவன் குரல் பதில் பேசுகிறது. எனக்கு அது தேவைப்படவில்லை. போன் அடித்ததே போதும்.

ஒரு நாள் விடியற்காலை விபத்தில் வந்த ஒரு பையன். எல்லாம் முடிந்துவிட்டது. துணிமணியைப் பைக்குள் போட்டுக் கட்டி வைத்தாயிற்று. பைக்குள்ளிருந்து போன் அடிக்கிறது. பிளாஸ்டிக் வழியாக வெளிச்சம் தெரிகிறது. 'அம்மா' என்று எழுத்து. அடித்து நிற்கிறது, மறுபடி அடிக்கிறது. நாங்கள் எடுக்கக் கூடாது, போலீஸ் போய்ச் சொல்லும். மூன்று பேர் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

செந்தூல் அண்ணா, உங்கள் கணக்கு சரிதான் என்று நினைக்கிறேன்.

#6 கிள்ளான்பையன்

அக்கா… சரி, விளையாட்டை விடுகிறேன்.

எனக்குப் பரியேறும் பெருமாள். கருப்பி. நாயைத் தண்டவாளத்தில் கட்டிப் போட்டுவிடுகிறார்கள், ரயில் வருகிறது. படம் தொடங்கியே கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அப்புறம் அந்தப் பாட்டு. ஒரு நாய்க்கு அப்படி ஓர் ஒப்பாரி. படம் முடிந்து வீட்டுக்கு வந்தால் எங்கள் வீட்டு நாய், வழக்கம்போல கேட்டுக்கு அடியில் மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அங்கிள் "சாவி தொலைஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

#7 மோடரேட்டர்

நண்பர்களே, முடிவுகளைப் போட்டு உடைக்கிறீர்கள் என்று இரண்டு புகார். சாவுக் காட்சி இழைக்குள் நுழைந்துவிட்டு இதைக் கேட்கலாமா என்று எனக்கும் தோன்றியது. இருந்தாலும் புதிய படங்களுக்கு மட்டும் முதல் வரியில் எச்சரிக்கை போடவும்.

#8 தஞ்சோங்பூங்கா

எல்லாரும் கோடம்பாக்கத்தையே சுற்றுகிறீர்கள். பினாங்கில் பிறந்த மலாய்ப் பட நடிகர் பி. ரம்லீயை விட்டுவிட்டால் எப்படி?

இபு மெர்துவாகு, 1962. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மலாய் எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் இந்தப் படம் மனப்பாடம். காசிம் செலாமாட் பாட்டுக்காரன். பணக்காரப் பெண் சபாரியாவைக் கட்டிக்கொண்டு பினாங்கு வருகிறான். வறுமை. பிள்ளை பெற அவள் சிங்கப்பூருக்கு அம்மா வீடு போகிறாள். மாமியார்க்காரி, உன் பெண்டாட்டி பிரசவத்தில் செத்துவிட்டாள் என்று சொல்லிவிடுகிறாள். பச்சைப் பொய். அவள் அங்கே உயிரோடு இருக்கிறாள், இவன் இங்கே அழுது அழுதே கண் பார்வையை இழக்கிறான்.

சாவே நடக்காத சாவுக் காட்சி. ஆனாலும் அழுகிறோம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்? பார்வை திரும்பி உண்மை தெரிந்ததும் அவன் தன் கண்ணுக்குச் செய்துகொள்வதை நான் எழுதப் போவதில்லை. முள்கரண்டியைப் பார்த்தாலே எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கும்.

நைட்ஷிப்ட் தங்கச்சி செப்பெட் சொன்னதால் டாலன்டைமும் சொல்லிவிடுகிறேன். 2009இல் வந்தது. யாஸ்மின் அதே வருஷம் ஜூலையில் போய்விட்டார். காது கேளாத தமிழ்ப் பையன் மகேஷ். அவன் தாய்மாமனுக்குக் கல்யாணம். பக்கத்து வீட்டில் ஒரு சாவு. இந்த வீட்டு மேளம் அந்த வீட்டுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? அதில் வந்த தகராறில் மாப்பிள்ளையே கொல்லப்படுகிறார். மகேஷின் அம்மா தம்பியைப் பறிகொடுக்கிற பாசமலர்தான் அது, செந்தூல். உங்கள் அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ஆனால் நான் உடைந்தது அங்கே இல்லை. இன்னொரு பையன் ஹபீஸ். அவன் அம்மா நோயில் இறந்துவிடுகிறார். அதோடு வந்து மேடையில் பாடுகிறான். அதுவரை அவனைப் போட்டியாளனாகப் பார்த்துப் பொறாமைப்பட்ட சீனப் பையன் கஹோ, ஒன்றும் பேசாமல் எர்ஹூவை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறான். இரண்டு கம்பி வாத்தியம். யாரும் அழவில்லை, யாரும் சாகவில்லை. நான் மட்டும்தான்.

#9 செந்தூல்வாசி

இபு மெர்துவாகு என் கணக்குக்குள் தலைகீழாக வந்து உட்கார்ந்துவிட்டது! இங்கேயும் தெரியாதவன் ஒருத்தன் இருக்கிறான். அவனுக்குத் தெரியாதது சாவு இல்லை, உயிரோடு இருப்பது.

பிதாமகனையும் இதில் சேர்க்கலாம். விக்ரமுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். சித்தன் சுடுகாட்டில் வளர்ந்தவன், பிணம் அவனுக்குப் புதிதில்லை. வாய்விட்டுப் பேசுவதே அபூர்வம். சூர்யாவின் சக்தி செத்துக் கிடக்கும்போதுதான் அவனுக்கு ஒரு பிணம் ஆளாகத் தெரிகிறது. அந்த முகத்தில் அது ஏறுகிற நேரம் இருக்கிறதே, அதுதான்.

கஹோவின் எர்ஹூ காட்சி மட்டும் கணக்குக்கு வெளியே நிற்கிறது. யோசிக்கிறேன்.

#10 பாலம்தாண்டியவன்

இரண்டு வருஷமாக இந்தத் தளத்தைப் படிக்கிறேன், எழுதியதில்லை.

உங்கள் கணக்கு எனக்குச் சரிப்படவில்லை. சூரரைப் போற்று. மாறனுக்கு அப்பா போகப் போகிறார் என்று தெரியும். பார்க்கிற நமக்கும் தெரியும். யாருக்கும் எதுவும் மறைவில்லை. விமானத்தில் இடம் இருக்கிறது, கையில் பணம் போதவில்லை. வரிசையில் நிற்கிறவர்களிடம் போய்க் கையேந்துகிறான். எல்லாரும் அங்கேதான் அழுதோம் என்கிறார்கள். நான் அங்கே அழவில்லை.

நான் அப்போது சிங்கப்பூரில் வேலை. 2020 மார்ச் 18 அன்று கொரோனாவால் எல்லையை மூடினார்கள். கடற்பாலம் ஒரு கிலோமீட்டர்தான், இந்தப் பக்கம் நின்றால் ஜொகூர் கட்டடங்களின் விளக்கு தெரியும். ஜூலையில் தெலுக் இந்தானில் அப்பா இறந்துவிட்டார். போனால் 14 நாள் தனிமைப்படுத்தல். உடல் 14 நாள் காத்திருக்காது. திரும்பி வந்தால் வேலை இருக்குமா என்று முதலாளியிடம் கேட்டேன். பதில் வரவில்லை. அதுவே பதில்தான்.

வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தேன். சித்தப்பா மகன் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். பாதி நேரம் அவன் பெருவிரல்தான் தெரிந்தது. கொள்ளி வைக்க வேண்டியவன் நான், தம்பி வைத்தான். மின்சுடலைக்கு ஏற்றுகிற நேரத்தில் லைன் நின்று படம் உறைந்துவிட்டது. அப்பாவின் கால், பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி, ஒரு சாமந்திப் பூ. அவ்வளவுதான் திரையில். உள்ளே போய்விட்டாரா இன்னும் வெளியே இருக்கிறாரா என்று தெரியாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். போனை வைக்கவும் மனசு வரவில்லை.

நவம்பர் 12 அன்று சூரரைப் போற்று வந்தது, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால். அறையில் நாங்கள் நாலு பேர், எல்லாரும் மலேசியாக்காரர்கள், எவனும் ஊருக்குப் போக முடியாதவன். விமான நிலையக் காட்சியில் மூன்று பேரும் அழுதான்கள். நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். மாறன் ஊர் போய்ச் சேருகிறான், எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவாக வரும் ஊர்வசி அவனை அடிக்கிறார். ஏன்டா வந்தே என்று அடித்து அடித்து அழுகிறார்.

என் அம்மா போனில், "சாப்பிட்டியாய்யா?" என்றுதான் கேட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னை யாருமே அடிக்கவில்லை.

அங்கேதான்.

#11 பட்டர்வொர்த்அக்கா

தம்பி. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அம்மா இப்போது எங்கே இருக்கிறார்கள்?

#12 பாலம்தாண்டியவன்

என்னோடுதான் அக்கா, கோலாலம்பூரில். 2022இல் பாலம் திறந்ததும் வந்துவிட்டேன். நல்லா இருக்காங்க.

#13 ஓய்வுபெற்றவாத்தியார்

தமிழ்ப்பள்ளியில் முப்பது வருஷம் பிள்ளைகளை அழவைத்தவன் என்ற தகுதியில் நுழைகிறேன்.

செந்தூல்வாசி ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்க்கிறார். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நாலு காரணம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: "இளிவே இழவே அசைவே வறுமையென விளிவில் கொள்கை அழுகை நான்கே". இளிவு என்றால் பிறரால் இகழப்படுவது. இழவு, உறவையோ பொருளையோ இழப்பது. அசைவு, இருந்த நல்ல நிலை கெட்டுத் தளர்வது. வறுமைக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. பாருங்கள், சாவு இந்த நாலில் ஒன்றுக்குள் மட்டும்தான் அடங்கும். நாம் இழவு என்ற சொல்லைச் சாவுக்கும் வசவுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் மறந்துவிட்டோம்.

இதை வைத்துப் பாருங்கள். வெறும் இழவை மட்டும் காட்டுகிற காட்சியில் கிள்ளான் தம்பி மணி பார்க்கிறார். தப்பில்லை. பாசமலரில் இழவோடு அசைவும் இருக்கிறது, ஓகோ என்று வாழ்ந்த ராஜசேகரன் கண்ணும் இல்லாமல் வந்து நிற்கிறான். தேவர் மகனில் சிவாஜி சாவது நமக்கு வலிப்பது வயசானவர் போனதால் இல்லை, பஞ்சாயத்தில் பட்ட அவமானத்தோடு போனதால். இளிவு. இபு மெர்துவாகுவில் வறுமையும் இளிவும் முதல் ரீலிலிருந்தே வருகின்றன. விமான நிலையத்தில் மாறன் கையேந்தும்போது இழவு, வறுமை, இளிவு மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன. அதனால்தான் நாலு பேரில் மூன்று பேர் அழுதார்கள்.

நாலாவது ஆளுக்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

#14 கிள்ளான்பையன்

வாத்தியார் ஐயா, அப்போ நாயகன்? மகனின் எரிந்த உடலைப் பார்த்து வார்த்தையே இல்லாமல் கமல் அழுவதை நாங்கள் பள்ளியில் நடித்துக் காட்டிச் சிரிப்போம். போன வருஷம் எனக்கு மகன் பிறந்தான். இப்போது அந்த இடம் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன். இது நாலில் எது?

#15 ஓய்வுபெற்றவாத்தியார்

அது உங்களுக்கு வயசாவது, தம்பி. பிள்ளைக்கு வாழ்த்துகள்.

#16 நைட்ஷிப்ட்

பாலம்தாண்டியவன் அண்ணா, அந்த வருஷம் எங்கள் பக்கத்திலும் நாங்கள்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிளாஸ்டிக் உறைக்குள் போனை வைத்து, நோயாளியின் காதருகே பிடிப்போம். கை கடுக்கும், ஆனால் இறக்க மாட்டோம். பெருவிரல் தெரிந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

#17 செந்தூல்வாசி

அம்மாவிடம் கேட்டேன். நேற்று ராத்திரி, சாப்பிட்டு முடித்த பிறகு. மகனும் இருந்தான்.

அம்மாவுக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். எனக்கு ஐம்பது வயசாகப் போகிறது, எனக்கு இது தெரியாது. அவருக்குச் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்று வந்ததே, அதில் தோட்டத்து வேலை போய்விட்டது. எத்தனையோ பேர் மாதிரி அவரும் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். பினாங்கிலிருந்து ரஜூலா கப்பல். அம்மாவும் தாத்தாவும் துறைமுகத்துக்கு வழியனுப்பப் போனார்கள். போய்ச் சேர்ந்து சில வருஷத்தில் அங்கே காய்ச்சலில் இறந்துவிட்டார். கடிதம் இங்கே வந்தபோது கருமாதி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த இரண்டு மாதமும் அம்மா அவருக்கு ஒரு சட்டைத் துணி எடுத்து வைத்துக்கொண்டு, யார் கப்பல் ஏறுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"கப்பல் நகருது. மேல ஆயிரம் பேரு. எது அண்ணன்னு தெரியல. எல்லாரும் கைய வீசுறாங்க. நானும் வீசுனேன், அவனப் பாத்தா வேற யாரயோ பாத்தான்னு இன்னிக்கும் தெரியல."

மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் ரிமோட்டை எடுத்து, "பாட்டி, அந்தப் படம் முதல்லேருந்து போடவா? நான் பாதியிலதான் வந்தேன்" என்றான்.

அம்மா, மணி பதினொன்று ஆச்சு, காலையில் பள்ளிக்கூடம் இருக்கு, போய்ப் படு என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை போடுகிறோம்.